இரண்டாம் பாகத்தின் முதுகு

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஸ்டுடியோவில் காவல்காரரிலிருந்து கேமராக்காரர் வரை எல்லாருக்கும் அவள் டேப்பக்கா. அளவெடுக்கிற டேப் கழுத்தில் கிடக்காமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கிடக்கும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கிடக்கும். ஒரு சாவு வீட்டில் பெரியப்பாவைச் சுற்றி எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, "சட்டை ரெண்டு இஞ்ச் பெருசு, யாரு போட்டு விட்டது?" என்று கேட்டு ஒரு கிளை உறவையே பகைத்துக்கொண்டவள்.

மனிதர்களை அவள் அளவால்தான் அறிவாள். டைரக்டருக்கு இடது தோள் அரை இஞ்ச் தாழ்வு. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி இடுக்கியே பெரிய மனிதரானவர். ஹீரோவுக்கு மார்பும் இடுப்பும் வருஷத்துக்கு வருஷம் நெருங்கி வந்துகொண்டிருந்தன. தையல் அறையில் ஹீரோவின் அளவுக்கு ஒரு பொம்மை உண்டு. ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் அதன் இடுப்பில் ஒரு சுற்றுத் துணி கூடுதலாகச் சுற்றுவாள். ஹீரோவிடம் அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை, பொம்மைக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

கல்யாணம் என்று ஒன்று அவளுக்கும் நடந்தது. ஆளின் பேச்சுக்கும் நடத்தைக்கும் நாலு இஞ்ச் வித்தியாசம் இருந்தது. இரண்டே வருஷத்தில் அவளே தையலைப் பிரித்துவிட்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தொடங்கியவள், இருபத்திரண்டு வருஷமாக ஸ்டுடியோவின் உடுப்பு அறையில் இருக்கிறாள். ஜெனரேட்டர் கொட்டகைக்கு மேலே, ஒரே ஒரு ஜன்னல், மூன்று மெஷின், எப்போதும் சூடாக இருக்கும் இஸ்திரிப் பெட்டி. படம் இல்லாத நாட்களில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குத் தைப்பாள்.

அவளுக்கு ஒரு தம்பி. ஹீரோவுக்கு டூப் போடுகிறவன். ஹீரோவின் உயரமும் தோளும் இவனுக்கும் அப்படியே, அரை விரல்கூட வித்தியாசமில்லை. அந்த அரை விரல்தான் அவன் பிழைப்பு. ஹீரோ மாடியிலிருந்து குதித்தால் குதிப்பவன் இவன், ஹீரோ நெருப்புக்குள் ஓடினால் ஓடுபவன் இவன். பிறகு ஹீரோ வந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வாங்குவதுபோல நடிப்பார். தம்பி அதிகம் பேச மாட்டான். யார் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பான். எலும்பு முறிந்த அன்றும் அதையே சொன்னான்.

அது ஒரு படத்தின் முதல் பாகம் எடுக்கும்போது நடந்தது. படம் இந்தி, வேலை செய்த கைகள் எல்லா ஊர்க் கைகளும். முதல் பாகத்தில் ஹீரோ ஒரு லாரி ஓட்டுநர். காணாமல் போன தங்கையைத் தேடி ஊர் ஊராகப் போவார். படம் முழுக்க ஒரே சட்டைதான். அதையே பதினெட்டு நகல் தைத்து, கதை போகப் போக அழுக்காக்கி, கிழித்து, ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள் டேப்பக்கா. எந்தக் காட்சியில் என்ன கறை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். லாரியிலிருந்து தம்பி விழுகிற காட்சியில், சட்டை மெல்லிசாக இருக்கிறது, அடி படாமல் இருக்க உள்ளே முதுகில் கட்டிய ஃபோம் பேடு வெளியே தெரிகிறது என்று சொல்லி, கடைசியாக ஒரு தடவை பேடு இல்லாமல் விழச் சொன்னார்கள். "சரி சார்" என்று விழுந்தான். ஒன்றரை மாதம் படுக்கை. "இன்னொரு தடவை பேடு இல்லாம முதுகுல அடி பட்டா, எழுந்து நிப்பார்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். இன்றுவரை காலையில் அவனால் குனிய முடியாது. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவன் மனைவிதான் தரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிவிடுவாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் டேப்பக்காவுக்கு வயிறு எரியும்.

"வேற வேலைக்குப் போயேன்டா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"வேற என்னக்கா தெரியும் எனக்கு?" என்பான்.

முதல் பாகம் ஓடியது. ஓடினால் இரண்டாம் பாகம் வந்துதானே தீரவேண்டும். தங்கை கிடைத்துவிட்டாள், கதை முடிந்துவிட்டது என்பதெல்லாம் ஒரு தடையா என்ன. இரண்டாம் பாகத்தில் லாரி ஓட்டுநர் எப்படியோ உலகம் சுற்றும் உளவாளி ஆகிவிட்டார். எப்படி என்று கேட்ட உதவி டைரக்டர் ஒருவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. சட்டைக்குப் பதிலாக நாற்பத்தொரு உடுப்புகள். அதோடு ஒரு டிசைனர் அம்மாவும் வந்து சேர்ந்தார். பெரிய அட்டையில் புகைமூட்டப் படங்களாக ஒட்டி எடுத்து வந்து, டேப்பக்காவின் வெட்டு மேஜையில், வெட்டிக்கொண்டிருந்த துணியின் மேலேயே வைத்தார்.

"இதுதான் படத்தோட மூட்" என்றார்.

டேப்பக்கா அட்டையைப் பார்த்தாள். ஒரு புலி, ஒரு பைக், மழையில் நனைந்த ஒரு கண்ணாடிக் கட்டடம். "கதை என்ன மேடம்?" என்று கேட்டாள்.

"இந்தத் தடவை ஸ்டைல்தான் கதை."

வம்புக்குக் கேட்கவில்லை அவள். தையல்காரிக்கு அது தெரிந்தாக வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பி வந்தவனின் கோட் வேறு, நாலு நாள் தூங்காதவனின் கோட் வேறு. படத்தின் பெரிய காட்சியில், ஹீரோ கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து பின்பக்கமாகப் பாய்ந்து, விழும்போதே கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கீழே நிற்கும் காரின் கூரையில் முதுகு பட விழ வேண்டும். "எதுக்குக் குதிக்கிறார்?" என்று உதவி டைரக்டரிடம் கேட்டாள். அவர் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "யாரோ துரத்துறாங்க" என்றார். யார் என்று கேட்டதற்கு வசனகர்த்தாவைக் கேட்கச் சொன்னார். வசனகர்த்தா, "கண்ணாடி உடையணும்ல" என்றார். படிக்கட்டு இருக்கும்போது ஒருவன் ஏன் ஜன்னலை உடைத்துக்கொண்டு போகிறான் என்ற கேள்விக்கு அந்த யூனிட்டில் இருந்த இருநூறு பேரில் ஒருவரிடமும் பதில் இல்லை. காரணமே தெரியாத இந்த வெத்து வேட்டுக்குத்தான் தன் தம்பியின் முதுகைக் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

அதைவிடப் பெரிய கோபம் அளவு சொன்னபோது வந்தது. சண்டைப் படங்களில் தையல்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே உடுப்பை இரண்டு அளவில் தைப்பார்கள். ஹீரோவுக்கு உடம்போடு ஒட்டினாற்போல ஒன்று. டூப்புக்கு, உள்ளே பேடு கட்டிக்கொள்ள, முதுகில் இரண்டு இஞ்ச் கூடுதலாக இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் தைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். மாறிப்போகாமல் இருக்க, காலருக்கு உள்ளே ஹீரோவின் கோட்டில் வெள்ளை நூலால் ஒரு முடிச்சு, டூப்பின் கோட்டில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. டேப்பக்காவின் சிவப்பு முடிச்சு ஸ்டுடியோவில் பிரசித்தம்.

"ரெண்டு அளவெல்லாம் வேண்டாம்" என்றார் டிசைனர் அம்மா. "எல்லாம் ஒரே ஃபிட். பின்னாலேர்ந்து பார்த்தா கத்தி மாதிரி இருக்கணும்."

"பேடு எங்க மேடம் போகும்?"

"மெல்லிசா ஏதாவது கட்டிக்கட்டும்."

"மெல்லிசுன்னா கைக்குட்டைதான் கட்டணும். விழப்போறது கார் மேல."

"ரோப் இருக்கு, கார் கூரையை இளக்கி வெச்சிருக்காங்க. மாஸ்டர் பார்த்துப்பார். நீங்க ஃபிட்டை மட்டும் பாருங்க."

சண்டை மாஸ்டரிடம் போனாள். நல்ல மனிதர்தான், ஆனால் புரொடியூசரின் பக்கத்து நாற்காலி டிசைனர் அம்மாவுடையது என்று அவருக்கும் தெரியும். "நீ எப்பவும் தைக்கிற மாதிரி தைச்சுடு டேப்பக்கா. நான் எதுவும் கேக்கல, நீ எதுவும் சொல்லல" என்றார். அவளும் அதையே செய்தாள். பன்னிரண்டு கறுப்புக் கோட்டுகளில் பதினொன்றை டிசைனர் அம்மா சொன்னபடி தைத்தாள். ஒன்றில் மட்டும் முதுகுத் தையலுக்குள் இரண்டு இஞ்ச் ஒளித்து வைத்து, காலருக்குள் சிவப்பு முடிச்சைப் போட்டாள். தம்பியைக் கூப்பிட்டு, பேடு கட்டி, கோட்டை மாட்டிப் பார்த்தாள். பொத்தான் சிரமமில்லாமல் விழுந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

படப்பிடிப்பு நாளன்று காலையில் டிசைனர் அம்மா கோட்டுகளை வரிசையாக மாட்டிச் சோதனை போட்டார். காலருக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. "என்ன இது பிசிறு? க்ளோசப்ல பூதாகாரமா தெரியும்" என்று அவரே ஒரு சின்னக் கத்தரிக்கோலால் எல்லா முடிச்சுகளையும் வெட்டி எறிந்தார். வெள்ளையும் போயிற்று, சிவப்பும் போயிற்று. அந்த நேரத்தில் டேப்பக்கா கீழே, வில்லனின் பேண்ட் ஜிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு வெட்டப்பட்டது அவளுக்குத் தெரியாது. முடிச்சு என்றால் என்ன என்பது டிசைனர் அம்மாவுக்குத் தெரியாது.

ஹீரோ கேரவனிலிருந்து இறங்கி வந்தார். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கோட் அவருக்கு அகலமாக, தோள் விரிந்து, இடுப்பு மறைந்து, ஐந்து வயது குறைந்தாற்போல நின்றது. "இதுதான், இதுதான்" என்று டைரக்டர் சுற்றிச் சுற்றி வந்தார். டிசைனர் அம்மா அடக்கமாகச் சிரித்தார். டேப்பக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஹீரோவின் முதுகில் அவள் ஒளித்துவைத்த இரண்டு இஞ்ச் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அந்தக் கோட் இங்கே இருக்கிறது என்றால், தம்பி எதைப் போட்டிருக்கிறான்?

தலையைத் தூக்கினாள். நாலாவது மாடியில், உடையப்போகிற கண்ணாடிக்கு முன்னால், கத்தி மாதிரி நின்றுகொண்டிருந்தான் தம்பி. அவ்வளவு தூரத்திலிருந்தும் அவளுக்கு அளவு தெரிந்தது. அந்தக் கோட்டுக்குள் ஒரு காகிதம்கூடப் போகாது.

லிஃப்ட் செட்டுக்காகப் போட்ட பொய் லிஃப்ட். படிக்கட்டில்தான் ஓடினாள். ஐம்பது வயதில் நாலு மாடி. மேலே போனபோது ரோப் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேடு ஒரு மூலையில் சுருட்டிக் கிடந்தது.

"ஏன்டா கழட்டினே?"

"பொத்தான் போட முடியலக்கா. ஷாட்டு ரெடின்னு கத்துறாங்க. கீழே கூரையை இளக்கித்தானே வெச்சிருக்கு." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஒரே ஒரு டேக்னு சொன்னாங்க."

"போன தடவையும் ஒண்ணுன்னுதான் சொன்னாங்க."

"இப்ப போய் மாட்டேன்னு சொன்னா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்கக்கா. நீ இறங்கிப் போ."

கீழேயிருந்து மைக்கில், "ஏன் லேட்?" என்று டைரக்டரின் குரல் வந்தது. டேப்பக்கா இடுப்பிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். தம்பியைத் திருப்பி நிறுத்தி, காலருக்குக் கீழே முனையை நுழைத்து, கோட்டை அடிவரைக்கும் ஒரே இழுப்பில் வெட்டினாள். நல்ல துணி. தன் கையால் தைத்தது. அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

"கோட் கிழிஞ்சிடுச்சு" என்று ஜன்னல் வழியாகக் கீழே கத்தினாள். "ஷாட் எடுக்க முடியாது."

ஷாட் நின்றது. டைரக்டர் மேலே வந்தார், பின்னாலேயே டிசைனர் அம்மா, பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று பேர். இன்றோடு இருபத்திரண்டு வருஷத்துக்கு முழுக்கு என்று முடிவுகட்டி, கத்தரிக்கோலோடு நின்றாள் டேப்பக்கா. அந்த நேரம் பார்த்து, காட்சிக்காக வைத்திருந்த ராட்சத மின்விசிறியை யாரோ போட்டுவிட்டார்கள். கிழிந்த கோட் தம்பியின் இரண்டு பக்கமும் படபடவென்று விரிந்தது.

டைரக்டர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு, "றெக்கை" என்றார்.

டிசைனர் அம்மாவும், "றெக்கை" என்றார்.

"இவன் பறக்கிறான். புரியுதா? விழல, பறக்கிறான்."

லாரி ஓட்டுநருக்கு ஏன் றெக்கை முளைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹீரோவின் கோட்டையும் அதேபோலக் கிழிக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. டேப்பக்காவுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் விளங்கியது. முன்பாவது கோட்டுக்குள் பேடு ஒளிய ஒரு வழி இருந்தது. இப்போது முதுகே திறந்து கிடக்கிறது. பேடு கட்டினால் ஊருக்கே தெரியும், கட்டாவிட்டால் தம்பிக்கு அவ்வளவுதான். ஷாட்டை நிறுத்தப் போய், தானே அவன் முதுகைத் திறந்து காட்டிவிட்டாளே என்று நொந்துபோனாள்.

டிசைனர் அம்மா கிழிசலை எட்டிப் பார்த்தார். "உள்ளே வெறும் சட்டை தெரியுது. ஏதோ குறையுது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் டேப்பக்கா. இருபத்திரண்டு வருஷமாக ஆபத்து, அடி, டாக்டர் என்று பேசி ஒரு காரியமும் ஆனதில்லை. இன்றைக்கு இவர்கள் பேச்சிலேயே இவர்களிடம் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

"மேடம், எனக்கு என்ன தோணுதுன்னா" என்று குழைந்தாள். அப்படிக் குழைந்து அவளே அவளைக் கேட்டதில்லை. "அந்தக் கிழிசலுக்குள்ள பளபளன்னு கறுப்பா, வரிவரியா, கொஞ்சம் மொத்தமா ஏதாவது தெரிஞ்சா? பூச்சிக்கு றெக்கைக்கு அடியில உடம்பு இருக்குமே, அது மாதிரி."

டிசைனர் அம்மா கண்ணை மூடினார். திறந்தார். "இதைத்தான் நான் நினைச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"ஒரு மணி நேரம் குடுங்க."

மேஜை கிடையாது, மெஷின் கிடையாது. எல்லாரும் கீழே இறங்கியதும் நாலாவது மாடித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூலையில் கிடந்த பேடை எடுத்து, அதன்மேல் கறுப்பு சாட்டினைப் போர்த்தி, தடித்த ஊசியால் ஃபோமோடு சேர்த்து வரிவரியாகக் குத்தினாள். கை வலித்தது, விரலில் இரண்டு இடத்தில் ஊசி ஏறியது. கழுத்திலிருந்து இடுப்புவரை பதினாறு வரி. பேடு பேடாகவே இருந்தது, சட்டை மட்டும் மாற்றிக்கொண்டது. ஹீரோவுக்கும் ஒன்று கேட்டார்கள். ஃபோம் வைத்தால் பருமனாகத் தெரிவோம் என்று ஹீரோ முகம் சுளித்ததால், அவருக்கு வெறும் சாட்டின் துணியில் வரி போட்டு ஒட்டிக் கொடுத்தாள். அவர் விழப்போவதில்லை, அவருக்கு அது போதும். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று டிசைனர் அம்மா கேட்டபோது, வாயில் ஊசி இருக்கிற சாக்கில் தலையை மட்டும் ஆட்டினாள்.

தம்பி குதித்தான். கண்ணாடி சிதறியது, றெக்கை விரிந்தது, கார் கூரை பள்ளமானது. இரண்டு நொடி அசைவில்லை. அந்த இரண்டு நொடியில் டேப்பக்கா பட்ட பாடு சொல்லி மாளாது. பிறகு ஒரு கை மேலே வந்து கட்டைவிரலைக் காட்டியது. எல்லாரும் ஹீரோவுக்குக் கைதட்டினார்கள்.

படம் வந்தபோது காலைக் காட்சிக்கு மூன்று பேரும் போனார்கள்: டேப்பக்கா, தம்பி, தம்பி மனைவி. நாலாவது மாடிக் காட்சி வந்ததும் தம்பி மனைவி சீட்டின் நுனிக்கு வந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஹீரோ நடந்து வந்தார். மெதுவாக நடந்தார். கறுப்புக் கண்ணாடியைத் தொட்டார். திரும்பினார். முடி பறந்தது. இன்னொரு தடவை, வேறு பக்கத்திலிருந்து, கறுப்புக் கண்ணாடியைத் தொட்டார். ஒரு புலி ஓடியது. எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பது புலிக்கே வெளிச்சம். தாளம் காதைக் கிழித்தது. பிறகு சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி படபடவென்று ஏதேதோ வந்து போயின, கார் கூரை நசுங்கியிருந்தது, ஹீரோ அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, அவரு எப்ப குதிப்பாரு?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"குதிச்சாச்சு."

"எங்க? நான் பார்க்கலையே."

"நீ கண்ணைச் சிமிட்டியிருப்ப."

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குதித்ததைப் பதினொரு துண்டாக வெட்டி, நடுவில் ஹீரோவின் மூக்கை நுழைத்திருந்தார்கள். எந்தத் துண்டிலும் ஒரு முழு மனிதன் இல்லை. பேடே போடாமல் ஒரு துணி மூட்டையைத் தள்ளிவிட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. வாசலில் ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டி வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "கதை ஒண்ணுமே இல்ல, ஆனா செம ஸ்டைல்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். பேட்டிகளில் ஹீரோ, "அந்த ஜம்ப்பை நானே பண்ணேன், முதுகு இன்னும் வலிக்குது" என்று சிரித்தார். டேப்பக்கா டிவியை அணைத்துவிட்டு ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் வீட்டு முன்னறையில் கூட்டம். எல்லார் போனிலும் அதே படம். முதுகு கிழிந்த கோட், உள்ளே கறுப்பு வரி. காசு கொடுத்து வாங்கிய புது கோட்டை நீட்டி, "கிழிச்சுக் குடுங்க" என்றார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் அளவு கொடுத்துக்கொண்டே, "உள்ளே மொத்தமா எதுவும் வெக்காதீங்க, வேர்க்கும். பார்க்க வரி தெரிஞ்சா போதும்" என்றார். "நீங்க எங்கேயாவது விழப்போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார். "அப்ப பரவால்ல" என்று குறித்துக்கொண்டாள்.

ஒரு நாள் முற்பகலில், தம்பி அவள் முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, டிசைனர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மூன்றாம் பாகம். டேப்பக்கா போனை மெஷின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்தத் தடவை எட்டாவது மாடி" என்றது போன். "கோட் இன்னும் டைட். அந்த வரி கண்டிப்பா வேணும், அதுதான் நம்ம அடையாளம். ஆனா மொத்தமா வேண்டாம், துணியிலயே பிரிண்ட் பண்ணிடலாம். உங்க தம்பிதான் குதிக்கணும். போன தடவை பேடே இல்லாம என்ன அழகா விழுந்தாரு. புது மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன், இவருக்குப் பேடெல்லாம் தேவையே இல்லன்னு."

தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்தான். டேப்பக்காவைப் பார்த்து, சரி என்று சொல்லச் சொல்லி ஜாடை காட்டினான். அவள் அவன் காலைப் பார்த்தாள். காலையில் அவன் மனைவி ஊருக்குப் போயிருக்க வேண்டும். ஷூ லேஸ் கட்டாமல் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதைக் கட்டாமலே இங்கேவரை நடந்து வந்திருக்கிறான்.

அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவள் சொன்ன பொய் அவ்வளவு நன்றாகத் தைக்கப்பட்டிருந்தது. தையல் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"மேடம், போன தடவை அவன் பேடு போட்டிருந்தான்" என்றாள்.

"எங்கே? நான் பக்கத்துலயே நின்னேனே."

"அழகா இருக்குன்னு சொன்னீங்களே, அதுதான் பேடு."

"ஹீரோவுக்கும் அதேதானே போட்டீங்க?"

"அவருக்கு வெறும் துணி. அவர் விழல மேடம்."

"அப்ப என்கிட்ட பொய் சொன்னீங்க."

"ஆமா. உண்மையைச் சொன்னப்ப மெல்லிசா கட்டிக்கச் சொன்னீங்க."

டிசைனர் அம்மா பெருமூச்சு விட்டார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதில் இருந்தது. "இப்படிச் சொல்லிட்டீங்களே. இனிமே அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பேடுன்னுதான் தோணும். அந்த லுக்கே போச்சு."

"அவனுக்குப் பேடு வெச்சுத்தான் தைப்பேன். அதுல மாத்தம் இல்ல."

"அப்ப வேற டைலர் பார்த்துக்கறோம். வேற ஆளும் பார்த்துக்கறோம்."

"பாருங்க. புது மாஸ்டர் நம்பர் என்கிட்ட இருக்கு. யாரு குதிச்சாலும் பேடு வேணும்னு அவர்கிட்ட இப்பவே பேசிடுறேன்."

போன் அணைந்தது. தம்பி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"போச்சா?" என்றான்.

"போச்சு."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"உன்கிட்ட கேட்டேனாக்கா நான்? பன்னிரண்டு வருஷமா அவருக்காக விழுந்துட்டிருக்கேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

டேப்பக்கா மெஷினிலிருந்து எழுந்து வந்து அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இழுபட்டுக் கிடந்த லேஸைத் துடைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, அவிழாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டாள். இன்னொரு காலின் லேஸையும் அப்படியே கட்டினாள்.

"எழுந்து நிக்கத் தெரியுதுல்ல" என்றாள். "அதுலேர்ந்து பார்த்துக்கலாம்."

அவன் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தான். பிறகு வெட்டு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, எழுந்து நின்றான்.